மீன் வரைந்த முடுக்கு

சொந்த ஊரிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளிப் போய் ரூம் எடுத்துத் தங்குகிறவனைப் பார்த்துக் காயல்பட்டினம் சிரிக்காமல் இருக்குமா? சிரித்தது. கார் வந்து நின்றதும் மாமியார் ரஹ்மத்துன்னிஸா வாசல்வரை வந்து, "கடல் பாக்கணும்னா நம்ம ஊருக் கடலு என்ன வத்தியா போச்சு?" என்று கேட்டார். மாப்பிள்ளையிடம் நேரடியாகக் கேட்கக் கூடாது என்பதால் மகளைப் பார்த்துக் கேட்டார். அஃப்ராவுக்கும் அதே கேள்விதான் இருந்தது.

"என்கிட்ட ஏன் உம்மா கேக்கிய? புக் பண்ணினவங்க நிக்கிறாங்கள்ல" என்று சொல்லிவிட்டு அவள் மகளைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டாள்.

ரூம் எடுத்ததற்கு மாப்பிள்ளை தமீமிடம் ஒரு காரணம் இருந்தது. சொன்னால் சிரிப்பு நின்றிருக்கும், ஆனால் அவனுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. நாற்பது நாள் லீவில் முப்பத்தேழு நாள் போய்விட்டது. ஆறு கல்யாணம், இரண்டு மவுத்து வீட்டுத் துக்கம், எண்ணிக்கையில்லாத விருந்து. இன்னும் மூன்று நாளில் சவுதிக்கு, ஜுபைலுக்குத் திரும்ப வேண்டும், திரும்பினால் குறைந்தது இரண்டு வருஷம். இந்த முப்பத்தேழு நாளில் அவன் மகள் ஜுவைரியா அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறு வயது. ஊமை இல்லை, வாய் காது வரைக்கும் இருக்கிறது. அவன் இல்லாத இடத்தில் அவள் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அவன் வந்து நின்றால் அப்படியே அடங்கிப்போய் உம்மாவின் காதில் ரகசியம் பேசுவாள். இரண்டரை வயதில் விட்டுவிட்டுப் போன பிள்ளை. அதற்குப் பிறகு தினமும் இரவு ஏழு மணிக்கு அவள் பேசியதெல்லாம் போனில் குரலாக மட்டும் இருக்கிற வாப்பாவிடம். அந்த வாப்பா நல்லவர், அவள் சொன்னதையெல்லாம் கேட்பார், பல் விழுந்ததைச் சொன்னால்கூட அழுவார். இந்தப் பெட்டி தூக்கி வந்த, தாடி வைத்த, அத்தர் வாசனை அடிக்கிற மனுஷன் வேறு யாரோ.

வந்து சேர்ந்த அன்று சாயந்திரம் அவன் மாடியறையிலிருந்து அஃப்ராவின் போனுக்கு அடித்தான், குடிக்கத் தண்ணீர் கேட்பதற்கு. எடுத்தது மகள்.

"வாப்பா! நம்ம வீட்டுக்கு ஒரு ஆம்பளை வந்திருக்காங்க. உம்மா அவங்களுக்கு முட்டை பொரிச்சுக் குடுக்காங்க."

மாடியில் இருந்தவன் என்ன சொல்லுவான்? "அப்படியா கண்ணு" என்றான். தண்ணீர் கேட்காமலே போனை வைத்தான்.

ஊர் வழக்கமும் அவனுக்கு ஒத்தாசை செய்யவில்லை. காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனால் பெண் எங்கும் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். வந்தவனுக்கு முன்வாசல், மாடியறை, நேரத்துக்கு நேரம் தட்டு நிறைய மரியாதை. வீட்டின் உயிரெல்லாம் பின்கட்டில் இருக்கிறது. பின்கட்டுக்கு அப்பால் முடுக்கு. வீடுகளின் முதுகுப் பக்கத்தில் இரண்டு ஆள் உரசிக்கொண்டு போகிற அகலத்தில் ஓடும் சந்து அது. பெண்கள் தெருவில் இறங்காமல் வீட்டுக்கு வீடு போய்வருவதற்கென்று விட்ட வழி. ஆண்கள் அதில் கால் வைப்பதில்லை. மோட்டார் ரிப்பேர்காரரோ தேங்காய் பறிக்கிறவரோ வந்தே ஆகவேண்டும் என்றால், முன்னால் ஒரு பிள்ளை, "ஆம்பளை வாராங்க, ஆம்பளை வாராங்க" என்று கூவிக்கொண்டே போகும். பெண்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

இப்போதெல்லாம் அந்த வேலை ஜுவைரியாவுடையது. போனில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். "இன்னைக்கு மோட்டார்காரரை நான்தான் கூட்டிட்டுப் போனேன் வாப்பா. நான் சத்தம் போட்டதுல என் பூனையே ஓடிருச்சு." ஜுபைலில் ஏசி மெஷின்களுக்கு நடுவில் நின்று அதைக் கேட்டுத் தனியாகச் சிரித்தவன் தமீம்.

மாமியார் வீடு, சொந்தக்காரர்கள், விருந்து எதுவும் இல்லாத ஓர் இடத்தில் மூன்று பேரும் இரண்டு நாள் இருந்தால் பிள்ளை வாய் திறந்துவிடும் என்று அவன் நினைத்தான். அதற்குத்தான் ரூம்.

ரிசார்ட் பனங்காட்டுக்கும் கடலுக்கும் இடையில் இருந்தது. மாசி மாதத்துக் கடல், அலை வந்து கரையைத் தொட்டது தெரியாமல் திரும்பிப் போனது. அஃப்ரா அறையில் சாயந்திர அஸர் தொழுதுகொண்டிருந்தபோது தமீம் மகளை அழைத்துக்கொண்டு வரவேற்பறைக்கு வந்தான். அழைத்துக்கொண்டு என்றால், இவன் முன்னால் நடந்தான், அவள் நாலடி தள்ளிப் பின்னால் வந்தாள்.

சுற்றுலா மேசையில் சண்முகத்தாய் என்கிற பெண் இருந்தாள். ஏரல் பக்கத்து வயல்காட்டு ஊர்க்காரி, வேலைக்குச் சேர்ந்து மாதம் ஒன்றுதான் ஆகிறது. மேசையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஆறு படங்களைப் பரப்பினாள்.

"சார், காலையில ஒரு போட் ட்ரிப், சாயந்திரம் ஒரு லேண்ட் ட்ரிப், ரெண்டும் சேத்து எடுத்தீங்கன்னா நல்லாருக்கும். போட்டுல டால்பின் இருக்கு, ஆத்து முகத்துவாரம் இருக்கு. லேண்டுல உப்பளம், பனங்காடு, அப்புறம் இது பழைய துறைமுகப் பட்டணம், இது திருச்செந்தூர் கோயில்."

"டால்பின் கண்டிப்பா வருமா?"

"அது டால்பின் கையிலல்லா சார் இருக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் அப்படிச் சொல்லக்கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்ததுபோல நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தமீம் மகள் பக்கம் திரும்பினான். "ஜுவை, உனக்கு எங்க போகணும்? நீ சொல்லு, அங்க போவோம்."

அவள் சொல்லவில்லை. ஆனால் மேசைக்குக் கிட்டே வந்து எக்கி நின்றாள். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு படத்தில் அவள் கண் நின்றது. விரலை நீட்டி அதன்மேல் அழுத்தி வைத்தாள்.

ஒரு குறுகலான சந்து. இரண்டு பக்கமும் காரை உதிர்ந்த உயர்ந்த சுவர்கள், மேலே ஒரு கீற்று ஆகாயம், நடுவில் பால் சிந்தினதுபோல வெயில். இடது சுவரில் கரியால் இழுத்த ஒரு மீன். இப்படியும் ஓர் இடம் இருக்கிறதா என்று தமீம் பார்த்துக்கொண்டே நின்றான். கனவில் எப்போதோ போன இடம்போல இருந்தது.

"இது எந்த ஊரும்மா?"

"பழைய துறைமுகப் பட்டணம்னுதான் சார் போட்டிருக்கு. நான் இன்னும் போனதில்ல. செல்லப்பாண்டி அண்ணாச்சிதான் கூட்டிட்டுப் போவாரு."

கொற்கையாக இருக்கும் என்று தமீம் நினைத்துக்கொண்டான். எதுவாக இருந்தால் என்ன? முப்பத்தேழு நாளில் மகள் அவனிடம் முதன்முதலாக ஒன்று கேட்டிருக்கிறாள். "இதைப் போடும்மா. காலையில டால்பின், சாயந்திரம் இது" என்றான்.

மறுநாள் விடிந்ததும் படகு. ஆறு கடலில் சேருகிற இடத்திலிருந்து பெனிஸ்டன் என்கிற புன்னக்காயல்காரர் ஓட்டினார். அஃப்ரா போர்த்தியிருந்த காயல்பட்டினத்துத் துப்பட்டியைப் பார்த்தவுடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"காயல்காரவுகளா? நல்லா இருக்கே! டெல்லியில இருந்து வந்திருக்காவ, ஜெர்மனியில இருந்து வந்திருக்காவ. காயல்ல இருந்து வந்த மொத ஆளு நீங்கதான்."

"நல்லாக் கேளுங்க அண்ணாச்சி" என்றாள் அஃப்ரா.

ஆற்றுத் தண்ணீரின் பழுப்பு நிறம் முடிந்து கடல் தொடங்குகிற கோட்டைத் தாண்டியதும் பெனிஸ்டன் எஞ்சினை அணைத்தார். காற்று என்பதே இல்லை. வெள்ளை மூட்டம் இறங்கி, கடல் எங்கே முடிகிறது ஆகாயம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாமல் இருந்தது. தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே முறைக்காகக் காத்திருக்கிற கப்பல்கள் ஆகாயத்தில் நின்றன. படகு நகர்கிறதா நிற்கிறதா என்றும் தெரியவில்லை. அஃப்ரா டப்பாவைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தம்மடைப் பலகாரத்தைப் பெனிஸ்டனுக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு மெதுவாகத் தின்றார்.

அப்போது மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"ஓங்கில்" என்றார் பெனிஸ்டன் மெதுவாக. டால்பினுக்கு அந்தக் கரையில் அதுதான் பேர். "கையைக் காலை ஆட்டாதிய. அதுவா வரும்."

வந்தது. ஒன்றல்ல, ஏழெட்டு. தண்ணீரைக் கிழிக்காமல் முதுகை மட்டும் காட்டி, படகைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தன. ஜுவைரியா வாயைப் பொத்திக்கொண்டாள். யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்று அவள் உடம்பு முழுக்கத் துடித்தது. அவள் உம்மாவின் மடியில் இருந்த போனைப் பார்த்தாள்.

தமீமுக்குப் புரிந்துவிட்டது. படகின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தவன் தன் போனை எடுத்து அடித்தான். பின்பக்கத்தில் மணி அடித்தது. மகள் பாய்ந்து எடுத்தாள்.

"வாப்பா! நான் ஓங்கில் பாத்தேன்! நெறைய! அதுக்கு மூக்கு முதுகுல இருக்கு!"

"அப்படியா கண்ணு? பயமா இருந்துச்சா?"

"இல்ல. அது மூச்சு விடுது வாப்பா, பெரியாளு மாதிரி."

அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஏழடிகூட இருக்காது. அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து போனுக்குள் கத்திக்கொண்டிருந்தாள். பெனிஸ்டன் இவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அஃப்ராவைப் பார்த்தார்.

"என்ன சார் இது? ஒரே போட்டுல உக்காந்துக்கிட்டு..."

அஃப்ரா அவரிடம் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். படகு நீரோட்டத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே ஒதுங்கியது. அத்தோடு சிக்னல் அறுந்தது. மகள் "வாப்பா, வாப்பா" என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு போனை உம்மாவிடம் நீட்டினாள்.

"உம்மா, வாப்பா போயிட்டாங்க."

தமீம் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மறுபடி மாட்டினான். ஓங்கில்கள் மூட்டத்துக்குள் போய்விட்டிருந்தன. அறைக்கு வந்ததும் அஃப்ரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மச்சான், புள்ளையை வையாதீங்க. அவ வேணும்னு செய்யல."

"நான் எதுக்கு வையப்போறேன்? அவ சொன்னதுல தப்பு என்ன இருக்கு? நாளன்னைக்குப் போகத்தானே போறேன்."

"போனாலும் ஏழு மணிக்கு அவகூடப் பேசுவீங்கள்ல."

"பேசுவேன். ஆனா அவ யாருகிட்டப் பேசுதான்னு அவளுக்குத் தெரியணும் அஃப்ரா. எனக்கு அது போதும்."

சாயந்திரம் நான்கு மணிக்கு வேன். வழிகாட்டி செல்லப்பாண்டி ஆற்றுப் பாசனத்து ஊர்க்காரர், தொப்பியும் சிவப்புக் குடையும் வைத்திருந்தார். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியும் ஏறிக்கொண்டார்கள். அஃப்ரா இந்தத் தடவை துப்பட்டியை விட்டுவிட்டுக் கறுப்பு அபாயா போட்டு முகத்தையும் மூடியிருந்தாள். தமீம் தலையில் ரிசார்ட்டில் கொடுத்த ஓலைத் தொப்பி.

"சார் எங்கேருந்து வாரிய?"

"சவுதி" என்றான் தமீம்.

"ஆகா, அவ்வளவு தூரத்துல இருந்தா! அப்போ இந்த இடம் உங்களுக்கு ரொம்பப் புடிக்கும் சார்."

வேனில் கறுப்புக் கண்ணாடி, குளிர், ஆட்டம். எல்லோரும் அரைத் தூக்கத்தில் இருந்தார்கள். கொற்கைக்குப் போகிற வளைவு வந்தது, போனது. கொஞ்ச நேரத்தில் அஃப்ரா கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள்.

"மச்சான். வண்டி எங்க போவுது?"

"எங்கயோ."

"எங்கயோ இல்ல. நம்ம பக்கத்து வீட்டு பீவி சாச்சி மாடியில துணி காயுது. எனக்குத் தெரியுது."

அதற்குள் வேன் நின்றுவிட்டது. செல்லப்பாண்டி குதித்து இறங்கிக் குடையை விரித்தார்.

தமீம் இறங்கினான். எதிரில் அவன் முப்பத்தேழு நாளும் பாய்க்கடை முக்கு என்று சொல்லித் திரும்புகிற அதே முக்கு. கடைவாசலில் அஃப்ராவின் பெரிய மாமா முத்துவாப்பா உட்கார்ந்து சுலைமானி டீ குடித்துக்கொண்டிருந்தார். தமீம் ஓலைத் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டான். அந்தத் தொப்பி யாரை மறைக்கும்?

"மாப்ளே!" என்றார் முத்துவாப்பா. "வெளிநாட்டுக்காரங்க வேன்ல வந்து எறங்குதிய? ஊரு சுத்திப் பாக்கவா?"

"ஆமா மாமா. சும்மா..."

"பாருங்க, பாருங்க. நல்ல ஊரு. சாப்பாடு நல்லாருக்கும்."

கடையே சிரித்தது. அஃப்ரா வேனுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவாள் என்று தமீம் நினைத்தான். ஆனால் ஜுவைரியா குதித்து இறங்கி, செல்லப்பாண்டியின் சிவப்புக் குடைக்கும் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். வேறு வழி இல்லாமல் அஃப்ராவும் இறங்கினாள்.

"எனக்கு வாயில நல்லா வருது மச்சான். நம்ம தெருவ நாமளே டிக்கெட் எடுத்துப் பாக்கோம்."

"புள்ளை கேட்டா."

"புள்ளை கேட்டாளா? எப்போ? உங்ககிட்டயா?"

"படத்துல கைய வச்சா."

அஃப்ரா முன்னால் போகிற மகளைப் பார்த்தாள்.

செல்லப்பாண்டி எல்லோரையும் ஒரு சந்தின் வாயில் நிறுத்தினார். "இங்கன நில்லுங்க. இதுதான் நம்ம படத்துல உள்ள இடம். இதுக்குப் பேரு முடுக்கு. லேடீஸ் மட்டும் நடக்கிற பாதை. நாம உள்ள போவக் கூடாது, வெளிய நின்னு பாத்துக்கிடலாம். படம்கூட ஒரு ஜெர்மன் அம்மா இங்கன நின்னு எடுத்துக் குடுத்ததுதான்."

தமீமுக்கு உறைத்தது. பிறந்தது இந்த ஊர், கட்டியது இந்த ஊர். ஆனால் படத்தில் பார்த்தபோது இது எந்த ஊர் என்று கேட்டிருக்கிறான். மாமியார் வீட்டு மாடி அதோ தெரிகிறது. அதன் பின்பக்கம் இப்படி இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் அவனுக்குத் தெரியாது. படத்தில் இருந்த அதே வெயில், இப்போது கொஞ்சம் மஞ்சளாகி, சந்துக்குள் சாய்ந்திருந்தது. உள்ளே எங்கோ தாளிக்கிற வாசனை, யாரோ பெண்கள் சிரிக்கிற சத்தம், ஒரு வாளி வைக்கிற சத்தம்.

"அந்தச் சுவத்துல மீன் தெரியுதா?" என்றார் செல்லப்பாண்டி. "பாண்டியன் சின்னம். எழுநூறு எண்ணூறு வருசம் இருக்கும்."

கோயம்புத்தூர்க்காரர் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"அது நான் வரைஞ்சது!"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஜுவைரியா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்லப்பாண்டியை முறைத்தாள். "அடுப்புக்கரி வச்சு நான்தான் வரைஞ்சேன். சாச்சிகூட வைதாங்க. இது எங்க வீட்டு முடுக்கு."

தமீம் அந்தக் குரலைக் கேட்டு நின்றான். போன் வழியாக வராத குரல். அவ்வளவு கிட்டத்தில், அவன் இருக்கும்போதே. ஆனால் அவனிடம் இல்லை, குடைக்காரரிடம்.

செல்லப்பாண்டி குடையை மடக்கினார். "ஏளா, உங்க வீடா? அப்போ சார் சவுதின்னாரு?" என்று இழுத்தார். அஃப்ராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவமானமும் தாங்கவில்லை. "நான் வீட்டுக்குப் போறேன், நீங்க ஊரைப் பாத்துட்டு முன்வாசல் வழியா வந்து சேருங்க" என்று சொல்லிவிட்டு முடுக்குக்குள் புகுந்தாள். அபாயா வளைவில் மறைந்தது. மகளும் பின்னாலேயே ஓடினாள்.

தமீம் முடுக்கின் வாயிலேயே நின்றான். ஒரு காலை எடுத்து வைத்தால் உள்ளே போய்விடலாம், ஆனால் அவன் பிறந்ததிலிருந்து எடுத்து வைக்காத கால் அது. இவ்வளவுதான் என்று தோன்றியது. பிள்ளை படத்தில் கைவைத்தது வீட்டுக்குப் போகத்தான். அவனிடமிருந்து தப்பித்து வீட்டுக்குப் போக. அவன் முன்வாசலுக்குப் போவதற்காகத் திரும்பினான்.

ஓடிவருகிற செருப்புச் சத்தம் கேட்டது. ஜுவைரியா மீன் வரைந்த சுவருக்குப் பக்கத்தில் வந்து மூச்சு வாங்க நின்றாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். கையில் போன் இல்லை.

"இங்கன வாங்க" என்றாள்.

"நான் வரக் கூடாது கண்ணு. ஆம்பளையல்லா." போனில் கேட்கிற அந்தக் 'கண்ணு' காதில் விழுந்ததும் அவள் தலையைச் சாய்த்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான் முன்னால சத்தம் போட்டுட்டுப் போவேன். ஒன்னும் சொல்ல மாட்டாங்க. என் பூனைய இன்னும் நீங்க பாக்கலைல்ல? போன்ல சொன்னேன்ல?"

அவன் தலையை ஆட்டினான். ஓலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முடுக்கில் கால் வைத்தான். சுவர் இரண்டு பக்கமும் தோளில் உரசியது, குளிர்ச்சியாக இருந்தது. முன்னால் அவன் மகள் இரண்டு கையையும் வாயில் குவித்து, மோட்டார்காரருக்கும் தேங்காய்க்காரருக்கும் கூவுகிற அதே சத்தத்தில், முடுக்கு அதிரக் கூவினாள்.

"எங்க வாப்பா வாராங்க! எங்க வாப்பா வாராங்க!"